செவலைக்கு 14 நாள் மாத்திரை

எங்கள் பூனை செவலைக்கு ஏழு வயது, எடை 4.2 கிலோ. மடியில் வந்து படுப்பான், நகம் வெட்ட விடுவான், வயிற்றைத் தடவினால்கூட ஒன்றும் சொல்ல மாட்டான். ஆனால் வாய்ப்பக்கம் விரல் போனால் போதும், எழுந்து போய்விடுவான். இந்தப் பழக்கம் அவனுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. நான் ஏற்படுத்தியது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

போன வருஷம் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். விழுங்க மாட்டான் என்று நானே முடிவு செய்து, மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, சிரிஞ்சில் எடுத்து வாயில் பீய்ச்சினேன். அடுத்த நொடி வாயிலிருந்து நுரை வந்தது. தலையை உதறினான், எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது, கழுத்து முடி முழுக்க நனைந்து போனது. விஷமாகிவிட்டதோ என்று பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தேன். "கசப்புங்க. கசப்பு பட்டா பூனைக்கு இப்படித்தான் நுரை கொட்டும், கொஞ்ச நேரத்துல நின்னுடும். ஆனா இனிமே அந்த மாத்திரையைப் பொடிக்காதீங்க" என்றார். பத்து நிமிடத்தில் நின்றதுதான். ஆனால் மீதி நாலு நாளும் நான் கையைத் தூக்கினாலே ஓடினான்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று, பூனை நாக்குக்கு இனிப்பு தெரியாது என்பது. இனிப்பை உணரும் ஏற்பியைக் கட்டுவதற்கு இரண்டு மரபணு வேண்டும். பூனை இனத்தில் அதில் ஒன்று என்றைக்கோ செயலிழந்துவிட்டது. 2005இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சர்க்கரையும் பழ வாசனையும் சேர்த்த சிரப், குழந்தையின் நாக்கை ஏமாற்றும். பூனைக்கு அதில் இனிப்பு காணாமல் போய் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். கசப்பை உணரும் ஏற்பிகள் அதற்கு நன்றாகவே வேலை செய்கின்றன. கசக்கும் மாத்திரையை முழுதாக விழுங்கினால் நாக்கில் பட்டும் படாமலும் போய்விடும். பொடித்துக் கலக்கினால் வாய் முழுக்கப் பரவும். நான் செய்தது இரண்டாவது.

இந்தத் தடவை சளி. இரண்டு நாள் தும்மல், மூன்றாம் நாள் மூக்கில் மஞ்சளாகக் கெட்டிச் சளி, ஒரு கண் பாதி மூடிய மாதிரி. டாக்டர் முதலில் வாயைத் திறந்து நாக்கையும் ஈறையும் பார்த்தார். பூனைச் சளிக்குக் காரணமாகும் வைரஸ்களில் ஒன்று நாக்கில் புண் உண்டாக்குமாம். புண் இருந்தால் வாயைத் தொடுவதே வலி, மாத்திரை கொடுக்கும் பேச்சையே வேறு மாதிரி யோசிக்க வேண்டும். நல்லவேளை, புண் இல்லை. வைரஸின் மேல் ஏறிக்கொண்ட பாக்டீரியாவுக்காக டாக்ஸிசைக்ளின், தினம் ஒரு வேளை, 14 நாள்.

மருந்துச் சீட்டை நீட்டும்போது டாக்டர் அதை விடாமல் பிடித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "இந்த மாத்திரையை மட்டும் வறட்டு வாயில போட்டுட்டு விட்டுடாதீங்க. பின்னாடியே தண்ணி போகணும். ஆறு மில்லியாவது."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது. நாம் மாத்திரை போட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறோம். பூனைக்கு வெறும் மாத்திரையைத் தொண்டையில் தள்ளிவிட்டு, முழுங்கிவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறோம். அது முழுங்கியதும் உண்மை, மாத்திரை வயிற்றுக்குப் போகவில்லை என்பதும் உண்மை. பாதி வழியில் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். 2001இல் 30 பூனைகளுக்கு மாத்திரை கொடுத்து எக்ஸ்ரே திரையில் பார்த்திருக்கிறார்கள். வெறுமனே கொடுத்த மாத்திரைகளில் பெரும்பாலானவை ஐந்து நிமிடம் கழித்தும் வயிற்றைச் சேரவில்லை. கூடவே 6 மில்லி தண்ணீர் கொடுத்தபோது அரை நிமிடத்திலேயே பெரும்பாலானவை இறங்கிவிட்டன. எல்லா மாத்திரையும் இப்படி ஒட்டினால் கெடுதல் செய்யாது. டாக்ஸிசைக்ளின் செய்யும். ஒட்டிய இடத்தைப் புண்ணாக்கும், புண் ஆறும்போது தழும்பு சுருங்கி உணவுக்குழாய் குறுகிப்போகும். நாள் கழித்துப் பூனை சாப்பிட்டதை எல்லாம் அப்படியே வெளியே தள்ள ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்ய மயக்க மருந்து கொடுத்து, பலூன் வைத்து விரிக்க வேண்டிவரும். கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கும் இதே எச்சரிக்கை உண்டு. இந்த இரண்டு பெயரில் எது உங்கள் சீட்டில் இருந்தாலும் தண்ணீரை மறக்கக் கூடாது.

ஆக எனக்கு இரண்டு வேலை. மாத்திரையும் உள்ளே போக வேண்டும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போக வேண்டும். வாயைத் தொட்டால் ஓடுகிற பூனையிடம்.

முதல் நாள் சுலபமான வழியைத்தான் முயன்றேன். அவனுக்கு மிகவும் பிடித்த ஈர உணவில் மாத்திரையை ஒளித்து வைத்தேன். செவலை கிண்ணத்துக்குக் கிட்டே வந்து நின்றான், மூக்கை நீட்டினான், திரும்பிப் போய்விட்டான். மாத்திரை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அவனுக்கு உணவே தெரியவில்லை. பூனை மூக்கால் சாப்பிடும் பிராணி. மூக்கு அடைத்துவிட்டால் முன்னால் வைத்தது உணவு என்பதே அதற்கு உறைக்காது. சளிக்கான மருந்தை உணவில் ஒளிக்க முயன்றதில் இந்தச் சிக்கலை நான் யோசிக்கவே இல்லை. அதைவிட மோசம், மறுநாள் காலையில் மாத்திரை இல்லாத அதே உணவை வைத்தேன், அதையும் தொடவில்லை. முந்தின நாள் அதில் வாய் வைத்திருந்தால் இன்னும் கெட்டிருக்கும்: உடம்பு சரியில்லாத நேரத்தில் ஒரு உணவில் கசப்பு மாட்டினால் அந்த உணவையே பல நாள் வெறுத்துவிடும். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதுவும் கொஞ்சம் பருமனான பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும். அதனால் முழு வேளைச் சாப்பாட்டில் மருந்தைக் கலக்கும் யோசனையை அன்றோடு விட்டேன். உணவைக் கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, மூக்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைத்தபோது கொஞ்சம் நக்கினான்.

இரண்டாம் நாள் நேரடியாகப் போட முயன்றேன். அதை நினைக்க இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்தவனை அவன் படுக்கையிலிருந்தே தூக்கினேன். இடுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மாத்திரை அட்டையைத் தேடினேன். அட்டை கிடைத்தது, மாத்திரையைப் பிதுக்க இரண்டு கை வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வருவதற்குள் அவன் பின்னங்காலால் உதைத்து மணிக்கட்டைக் கீறினான். வாயைத் திறந்து மாத்திரையைப் போட்டது நாக்கின் முன்பகுதியில். பூனை நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. ஈரமான மாத்திரை அந்த முட்களுக்கு நடுவில் போய் ஒட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வாயை மென்றான், மஞ்சள் கரைசல் உதட்டோரம் வழிந்தது. எடுத்துவிடலாமென்று விரலை நுழைத்தேன். கடித்துவிட்டான். அப்புறம் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டான். இரவு பதினொரு மணி வரை வெளியே வரவில்லை.

கடியைப் பற்றி ஒரு வார்த்தை. பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. மேலே பார்த்தால் சின்னத் துளை, உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். அதன் வாயில் இருக்கும் பாக்டீரியா அந்த ஆழத்தில் மூடிக்கொண்டு ஒரே நாளில் வீங்க வைத்துவிடும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நிறைய நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டினேன். வீட்டுப் பூனைதானே, தடுப்பூசி போட்டதுதானே என்று இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

அன்று இரவு அம்மா கேட்டார். "உடம்பு சுடுதேடா. நம்ம காய்ச்சல் மாத்திரையில கால் துண்டு கொடுத்தா என்ன?"

"கூடவே கூடாதும்மா. பாராசிட்டமால் பூனைக்கு விஷம்."

அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. கைக்குழந்தைக்கே கொடுக்கிற மருந்து அது. நம் கல்லீரல் அதை ஒரு வழியில் கட்டி வெளியேற்றுகிறது. அந்த வழி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு நீலம் பாரித்து அல்லது பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுத் திணறும். பூனைக்கு டாக்டர் எழுதித் தராத எந்த மாத்திரையும் அதன் வாய்க்குப் போகக் கூடாது. அன்பினால் நேரும் தவறு இது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இரண்டு வேளை விட்டுப்போனதால் சேர்த்துப் போடலாமா என்றும் கேட்டேன். "சேர்த்தெல்லாம் போடாதீங்க. இன்னைக்கு உள்ளதை மட்டும் போடுவோம். கூட்டிட்டு வாங்க, காட்டித் தரேன்" என்றார்.

அவர் காட்டியதைச் சொல்வதற்கு முன் நான் அங்கே கவனித்ததைச் சொல்கிறேன். செவலை கூடைக்குள் இருக்கும்போதே அவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார். மேசையில் துண்டு விரித்தார். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு மூடியில் வைத்தார். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து வலது கைப்பக்கம் வைத்தார். ஒரு ஸ்பூனில் நக்கு தீனி, பூனை நக்கிச் சாப்பிடும் கூழ் மாதிரியான பண்டம். அதற்கு அப்புறம்தான் கூடையைத் திறந்தார். பூனையின் மேல் கை பட்டது முதல் மாத்திரை இறங்கியது வரை ஆறு விநாடி இருக்கும். அவன் எதிர்க்க ஆரம்பிக்கவே இல்லை, அதற்கு நேரமே கிடைக்கவில்லை. நான் வீட்டில் நாலு நிமிடம் அவனைப் பிடித்து வைத்திருந்தேன். அந்த நாலு நிமிடமும் மாத்திரைக்காகப் போனதில்லை, நான் தேடியதற்கும் யோசித்ததற்கும் அம்மாவைக் கூப்பிட்டதற்கும் போனது. இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் குறிப்பேட்டில் எழுதியது ஒரே ஒரு எண்தான்: தினமும் என் கை அவன் மேல் எத்தனை விநாடி இருந்தது.

டாக்டர் சொல்லித் தந்த கைவாகை முடிந்த அளவு எழுத்தில் சொல்கிறேன். பூனை மேசையில் என்னைப் பார்க்காமல், முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அதன் பின்புறம் என் வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நகர முடியாது. பூனை தப்பிப்பது பெரும்பாலும் பின்பக்கமாகத்தான். இடது கை தலைக்கு மேலிருந்து வர வேண்டும். உள்ளங்கை உச்சந்தலையில் பட்டிருக்க, கட்டைவிரல் ஒரு கன்ன எலும்பிலும் நடுவிரல் மறு கன்ன எலும்பிலும், மீசைக்குப் பின்னால் பதியும். நசுக்கக் கூடாது, மூக்கை மூடக் கூடாது. அப்படியே தலையை மேலே சாய்த்தால் மூக்கு கூரையைப் பார்க்கும்போது கீழ்த்தாடை தானாகக் கொஞ்சம் தளரும். எனக்கு இதுதான் ஆச்சரியம். அதுவரை நான் மூடிய தாடையோடு பலப்பரீட்சை நடத்திக்கொண்டிருந்தேன்.

வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரையைப் பிடித்திருக்கும். நடுவிரல் மட்டும் கீழ்வரிசையின் சின்ன முன்பற்களின் மேல் வைத்து அழுத்தும். கோரைப்பல் பக்கம் போகவே தேவையில்லை. வாய் திறந்ததும் உள்ளே பார்த்தால் நாக்கு நடுவில் ஒரு மேடு தெரியும். அந்த மேட்டுக்குப் பின்னால், சரியாக நடுவில், மாத்திரை விழ வேண்டும். முன்னால் விழுந்தால் நாக்கு வெளியே தள்ளிவிடும், ஓரமாக விழுந்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும். விழுந்ததும் வாயை மூடி, தலையை உடனே சமமாக இறக்கி, தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். நாக்கு நுனி வெளியே வந்து மூக்கை ஒரு தடவை நக்கினால் முழுங்கிவிட்டது என்று அர்த்தம். பிடரித் தோலைப் பிடித்துத் தூக்குவது பற்றிக் கேட்டேன். வேண்டாம், அது பூனையைப் பயத்தில் உறைய வைக்கும், அடங்கின மாதிரி தெரிந்தாலும் உள்ளுக்குள் நடுக்கம்தான் என்றார்.

தண்ணீர் கொடுப்பதில் தலை மேலே தூக்கியிருக்கவே கூடாது. மாத்திரைக்குத் தூக்க வேண்டும், தண்ணீருக்குச் சமமாக இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை மறந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். சிரிஞ்சின் நுனி வாயின் பக்கவாட்டில், கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே நுழைய வேண்டும். ஒரு தடவைக்கு அரை மில்லி அல்லது ஒரு மில்லி. அது நக்கி முழுங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்தது. இருமினால் நிறுத்திவிட வேண்டும். 6 மில்லியை ஒரே அழுத்தில் பீய்ச்சுவதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மேசையை ஜன்னலோரத்துக்கு மாற்றினேன். அவன் தூங்கும் இடம், சாப்பிடும் இடம், மணல் தட்டு இருக்கும் இடம் மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதாக ஒரு இடம். அவனுக்குப் பிடித்த இடத்தில் மருந்து கொடுத்தால் அந்த இடமே கெட்டுப்போகும், அதுதான் இரண்டாம் நாள் படுக்கைக்கு நடந்தது. மேசை வழுக்காமல் இருக்கத் தடித்த துண்டு. கால் வழுக்கினாலே பூனைக்குப் பாதிப் பயம் வந்துவிடுகிறது. 3 மில்லி சிரிஞ்ச் இரண்டு, இரண்டிலும் வெதுவெதுப்பான தண்ணீர். மாத்திரையை ஈர உணவின் குழம்பில் ஒரு புரட்டுப் புரட்டி மூடியில் வைத்தேன், வழுவழுப்பாக இறங்கட்டுமென்று. பாலில் தோய்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்ஸிசைக்ளினும் சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகளைப் பாலின் கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். டாக்ஸிசைக்ளினை அந்த அளவுக்குப் பாதிக்காது என்றாலும் எதற்கு அந்தச் சிக்கல்.

நாலாம் நாள், 40 விநாடி. கை நடுங்கியது. மாத்திரை சரியான இடத்தில்தான் விழுந்தது, தண்ணீரில் பாதி துண்டில் போனது. ஐந்தாம் நாள் 25.

ஆறாம் நாள் ஏமாந்தேன். 15 விநாடியில் முடிந்தது என்று சந்தோஷமாகக் குறித்தும் வைத்துவிட்டேன். சாயங்காலம் கதவுக்குப் பின்னால் பெருக்கும்போது மாத்திரை கிடைத்தது, மேல்பூச்சு கரைந்து, மஞ்சள் தெரிய, தரையில் ஒட்டிக்கொண்டு. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு நடந்து போய்த் துப்பியிருக்கிறான். மூக்கை நக்குகிறானா என்று நான் பார்க்கவில்லை, முடிந்துவிட்டது என்ற அவசரத்தில் கையை எடுத்துவிட்டேன். டாக்டரிடம் கேட்டு அன்றைக்கு வேறொரு மாத்திரை போட்டேன். துப்பிய மாத்திரை கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. முழுங்கினானா இல்லையா என்று தெரியாமல் இருந்திருந்தால் மறுபடி போடுவது சரியில்லை, அளவு இரட்டித்துவிடக்கூடும். அன்றிலிருந்து மூக்கை நக்கிய பிறகுதான் சிரிஞ்சைத் தொடுவது, அப்புறம் இரண்டு நிமிடம் கூடவே உட்கார்ந்திருப்பது என்று வைத்துக்கொண்டேன்.

நடுவில் துண்டில் சுற்றும் முறையையும் முயன்றேன். துண்டை மேசையில் விரித்து, பூனையை நடுவில் உட்கார வைத்து, ஒரு பக்கத்தை முன்னங்கால்களை மூடியபடி கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு பக்கத்தை அதன்மேல் இழுத்துச் செருக வேண்டும். கழுத்துக்கும் துண்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் விட வேண்டும். கீறும் பூனைக்கு இது நல்ல வழி, நிறையப் பேர் இதில்தான் கொடுக்கிறார்கள். செவலைக்கு ஒத்துவரவில்லை. சுற்றி முடிக்கவே அரை நிமிடம் ஆனது, அந்த அரை நிமிடத்தில் என்னவோ நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு வேகமானது, காது தட்டையாக மடங்கியது. என் கணக்கில் சுற்றும் நேரமும் கை அவன் மேல் இருக்கும் நேரம்தான். அதனால் விட்டுவிட்டேன்.

இதையெல்லாம்விடப் பலன் தந்தது மாத்திரையே இல்லாத வேளைகளில் செய்ததுதான். மூன்றாம் நாள் சாயங்காலத்திலிருந்து தினமும் மூன்று நாலு தடவை, மேசையில் ஏற்றி, தலைக்கு மேல் கையை வைத்து, ஒரு விநாடியில் எடுத்துவிட்டு, நக்கு தீனி கொடுத்தேன். அவ்வளவுதான். அடுத்த நாள் கை வைத்துக் கொஞ்சம் சாய்த்தேன், தீனி. அதற்கு அடுத்த நாள் நடுவிரல் முன்பல்லில் லேசாகப் பட்டது, தீனி. சிரிஞ்சுக்கும் இதே மாதிரி. முதலில் சிரிஞ்சின் நுனியில் தீனியைத் தடவி நக்க விட்டேன், பிறகு தீனியைத் தண்ணீரில் கரைத்துச் சிரிஞ்சுக்குள் நிரப்பி அவனாகவே நக்கும்படி மெல்ல அழுத்தினேன். மேசையில் ஏறினால் நாலைந்தில் ஒரு தடவைதான் மாத்திரை, மற்ற தடவையெல்லாம் தீனி மட்டும் என்றானபோது அவனுக்கு மேசையின் மேல் இருந்த சந்தேகம் குறைந்தது. எட்டாம் நாள் நான் தூக்காமலே ஏறினான். அன்று 12 விநாடி.

எட்டாம் நாளில் இன்னொன்றும் மாறியது. மூக்கு திறந்துவிட்டது. கிண்ணத்தை வைக்கும் சத்தத்துக்கே ஓடி வந்தான். அப்படியென்றால் ஒளித்து வைக்கும் வழியை மறுபடி முயலலாமே என்று தோன்றியது. இந்தத் தடவை சாப்பாட்டுக் கிண்ணத்தில் இல்லை. சாப்பாட்டுக்கு முன், பசியோடு இருக்கும்போது, கெட்டியான தீனியை மூன்று சின்ன உருண்டையாக உருட்டினேன். மூன்றும் ஒரே அளவு, சுண்டுவிரல் நகத்தளவு. நடு உருண்டையில் மட்டும் மாத்திரை. முதல் உருண்டையை விழுங்கினான், இரண்டாவதை வாய்க்குள் எடுக்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு முன்னால் காட்டினேன். அதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமலே இறக்கிவிட்டான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாத்திரையைத் தொட்ட கையால் மற்ற உருண்டைகளைப் பிடிக்கக் கூடாது. விரலில் ஒட்டிய தூளே அவனுக்குப் போதும். நான் மாத்திரை உருண்டையை இடது கையிலும் மற்றவற்றை வலது கையிலும் செய்தேன். இதற்குப் பிறகும் தண்ணீர் கலந்த தீனியைச் சிரிஞ்சில் கொடுக்கத் தவறவில்லை. இந்த வழி ஏழு நாளில் நாலு நாள் பலித்தது. மீதி மூன்று நாள் முகர்ந்துவிட்டு விலகினான். விலகியதும் வற்புறுத்தாமல் மேசை வழிக்குப் போய்விட்டேன்.

செவலைக்குப் பாதி மாத்திரையாக எழுதியிருந்தால் வெட்டிய பக்கம்தான் பிரச்சினையாகியிருக்கும். மேல்பூச்சு இல்லாத அந்த வெட்டுமுகம் கசக்கும். அதற்குக் காலிக் கேப்ஸ்யூல் கிடைக்கிறது, எண் கூடக்கூட அளவு சின்னது, பூனைக்கு 4 அல்லது 5. துண்டை அதற்குள் போட்டால் கசப்பு நாக்கில் படாது. கேப்ஸ்யூலும் உணவுக்குழாயில் ஒட்டும், ஆகவே நனைத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும். எந்த மாத்திரையையும் உடைக்கும் முன் டாக்டரிடம் கேட்பது நல்லது. வயிற்றைத் தாண்டிக் கரையும்படியோ, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படியோ செய்த மாத்திரைகளை உடைத்தால் மருந்தின் கணக்கே மாறிவிடும்.

பத்தாம் நாள் நான் வெளியூர் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு விரலை வாய்க்குள் விடப் பயம், என் கடியைப் பார்த்தவராயிற்றே. பில் கன் என்று விற்கும் நீளக் குழலை வாங்கி வந்து கொடுத்தேன். நுனியில் ரப்பர், அதில் மாத்திரையைச் செருகிப் பின்னால் அழுத்தினால் உள்ளே தள்ளிவிடும். இதில் கவனிக்க வேண்டியது தொண்டைச் சுவரில் முட்டாமல் இருப்பதுதான். நாக்கு மேட்டைத் தாண்டினால் போதும், அதற்கு மேல் குத்தக் கூடாது. இரண்டு நாள் முன்னதாகவே வெறும் குழலில் தீனி தடவி அம்மா அவனுக்குப் பழக்கினார். நான் போன அன்று காலை போன் வந்தது.

"போட்டுட்டேன்டா. 'வாடா கண்ணு'ன்னேன், அதுவா வந்து ஏறிடுச்சு."

"மூக்கை நக்கினானாம்மா?"

"நக்கினான். தண்ணி ரெண்டு சிரிஞ்சும் போயிடுச்சு. இப்ப என் காலடியில படுத்திருக்கான்."

அன்று நான் விநாடி குறிக்கவில்லை. அம்மா எண்ணவில்லை, நானும் கேட்கவில்லை.

மாத்திரை எந்த வழியிலும் போகாத பூனைகளும் உண்டு. அதற்காக மருந்தை நிறுத்திவிடாமல் வேறு வடிவம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கலாம். தைராய்டு அதிகமாகிப் போன வயதான பூனைகளுக்குக் காதின் உள்மடலில் தடவும் களிம்பாகவே மருந்து உண்டு. கையுறை போட்டுக்கொண்டு தடவ வேண்டும், இல்லாவிட்டால் நம் தோல் வழியாக நமக்கும் ஏறும். சில தொற்றுகளுக்கு ஒரு தடவை போட்டால் இரண்டு வாரம் உடம்பில் நிற்கும் ஆன்டிபயாடிக் ஊசி இருக்கிறது. செவலைக்கு அது கேட்டுப் பார்த்தேன். சளியில் சந்தேகப்படும் கிருமிகள் சிலவற்றை அது பிடிக்காது, டாக்ஸிசைக்ளின்தான் சரி என்றார். அவர் காரணம் சொன்னதால் மனசு சமாதானமானது.

பன்னிரண்டாம் நாளிலேயே செவலை பழையபடி ஆகிவிட்டான். கண் தெளிவு, தும்மல் இல்லை. போதுமே, நிறுத்திவிடலாமே என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. நிறுத்தவில்லை. முதல் இரண்டு நாள் விட்டுப்போனதற்கும் சேர்த்து, டாக்டர் சொன்னபடி 16ஆம் நாள் வரை போட்டோம். கடைசி நாள் 7 விநாடி. மறுநாள் எடை பார்த்தபோது 4.1 கிலோ. நடுவில் 3.9க்கு இறங்கியிருந்தான்.

17ஆம் நாள் காலை மாத்திரை இல்லை. நான் மேசைப்பக்கமே போகவில்லை, சமையலறையில் இருந்தேன். ஏழு மணி இருக்கும், கத்தும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரத்து மேசையில், துண்டின் நடுவில், வழக்கமாக உட்காரும் அதே பக்கமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் கையை வைத்து ஒரு விநாடியில் எடுத்தேன். நக்கு தீனியைக் கொடுத்தேன். துண்டை இன்னும் எடுக்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை இப்படியே செய்துகொண்டிருக்கிறோம், சிரிஞ்சில் தீனித் தண்ணீரோடு.